வடக்குப் படியை மூடியவள்

ஒரு சேரியின் குடிதண்ணீரை நிறுத்தியவள் நான்.

மேலதிகாரி உத்தரவிட்டுச் செய்ததல்ல. யாரும் என்னை மிரட்டவும் இல்லை. என் வாயால், என் பதவியால், நோய்த்தடுப்பு என்ற பெயரால் நிறுத்தினேன். அதனால் ஒரு குழந்தை செத்தது. அதன் பிறகு அதே காரியத்தைச் சாதனை என்று சொல்லி, பல்கலைக்கழக வகுப்பறையில் ஆண்டுதோறும் பாடமாக நடத்தினேன்!

நீங்கள் இத்தோடு எழுந்து போகலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் போயிருப்பேன். ஆனாலும் இருங்கள்... முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். பாதியில் போனால், "பாவம், சின்ன வயது, தெரியாமல் செய்துவிட்டாள்" என்று எனக்காகப் பரிந்து பேசிவிடுவீர்கள். அது எனக்கு வேண்டாம். தெரிந்துதான் செய்தேன்.

அறுபதுகளின் நடுவில், சென்னையில் மருத்துவம் முடித்த கையோடு, காரைக்குடிப் பக்கத்துக்குச் சுகாதார அதிகாரியாக வந்தேன். செக்காலையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தேன். ஜீப் உண்டு, டிரைவர் உண்டு. ஜீப்பின் முன்னிருக்கையில் உட்கார்ந்து வரும் பெண்ணைப் பார்க்கவே அந்தக் காலத்தில் தெருவில் கூட்டம் கூடும். எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்... ரொம்பவே பிடித்திருந்தது.

நான் பட்டணத்துப் பெண் அல்ல. காளையார்கோவில் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். எங்கள் வயலில் வேலை செய்தவர்கள் கொல்லைப்புறத்தில் குந்தி, குழித்த கையில் கஞ்சி வாங்கிக் குடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள். மருத்துவக் கல்லூரிக்குப் போனதும் அதெல்லாம் என்னைவிட்டுக் கழன்றுவிட்டது என்று நினைத்திருந்தேன். பிணத்தை அறுத்துப் படித்தவளுக்கு இனி எதில் அருவருப்பு வரப்போகிறது என்று தோழிகளிடம் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு. எவ்வளவு பெரிய புளுகு!

அந்த வட்டாரத்தில் அப்போது நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. உங்களில் இளையவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். தேங்கிய நீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளும் பூச்சி ஒன்று உண்டு. நோயின் கரு அதற்குள் இருக்கும். தண்ணீரோடு அது வயிற்றுக்குள் போகும். ஏறத்தாழ ஒரு வருஷம் கழித்து, நூல்போல வெள்ளையான நீளப் புழு ஒன்று, காலில் கொப்புளம் கட்டி வெளியே தலை நீட்டும். நெருப்பு வைத்தாற்போல் எரியும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால், புழு தன் குஞ்சுகளைப் பாலாகக் கக்கும். அதே தண்ணீரைத்தான் ஊர் குடிக்கும்.

இதற்கு மருந்து கிடையாது. வெளியே வந்த நுனியைத் தீக்குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல், நாளுக்குக் கொஞ்சமாகச் சுருட்டி எடுக்க வேண்டும். ஆனால் தடுப்பது மிக எளிது. மடித்த வேட்டித்துணியில் தண்ணீரை வடிகட்டிக் குடித்தால் போதும்! புழு வந்தவர்கள் ஊருணியில் காலை வைக்காமல் இருந்தால் போதும். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சிங்கம்புணரி போகும் வழியில் உள்ளடங்கிக் கிடந்த ஊர். பெயரை மறைப்பது அந்த மக்களுக்காகவா, எனக்காகவா என்று கேட்டால்... எனக்காகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் குடிதண்ணீர் ஊருணிக்கு ஒரு மரியாதை உண்டு. செருப்பைக் கரையிலேயே கழற்றிவிடுவார்கள். துணி துவைப்பதோ மாடு குளிப்பாட்டுவதோ கிடையாது. கடைசிப் படியில் குனிந்து, கால் நனையாமல் குடத்தை அமுக்கி மொண்டு வருவார்கள். கோடையில் தண்ணீர் கடைசிப் படிக்கும் கீழே இறங்கிவிட்டால் மட்டும், வேறு வழியின்றிச் சேற்றில் கால் வைத்து மொள்ள வேண்டியிருக்கும். நோய் பரவியது அந்த நாட்களில்தான்.

அந்த ஊருணிக்கு இரண்டு படித்துறைகள். தெற்குப் படி ஊராருக்கு. வடக்குப் படி சேரிக்காரர்களுக்கு.

அந்த வடக்குப் படி அவர்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. நான் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்புவரை, சேரிப் பெண்கள் கரைமேல் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஊர்ப் பெண்களில் யாருக்காவது மனம் வந்தால் மொண்டு, குடத்தைத் தொடாமல், உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். மனம் வராவிட்டால் வெயிலில் காய வேண்டியதுதான். பிறகு சட்டத்தைக் காட்டி, தாசில்தாரைக் கூட்டிவந்து, போலீஸ் பக்கத்தில் நிற்க, வடக்குப் படியில் இறங்கினார்கள். முதல் குடத்தை மொண்டவள் பஞ்சவர்ணம் என்பவள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற கூலிக்காரி. என் வயதுதான் இருக்கும்.

ஊரார் அதை மறக்கவில்லை. சட்டத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு, சமயம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமயமாக நான் போய் இறங்கினேன்.

முதல் நாள் ஜீப் நேரே அம்பலகாரர் வீட்டு வாசலில் நின்றது. அம்பலகாரர் என்றால் ஊர்த்தலைவர். அவரைத் தாண்டி அந்த ஊரில் எதுவும் நடக்காது. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கணீரென்ற குரல். என் ஊரையும் குடும்பத்தையும் விசாரித்துத் தெரிந்துகொண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, அப்ப நம்ம புள்ளையில நீங்க! வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல மோரக் குடிங்க. மத்ததப் பெறகு பேசிக்கிடலாம்" என்றார்.

'நம்ம புள்ளை' என்றால் என்ன பொருள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். உச்சி குளிர்ந்துதான் போயிற்று. அந்த மோரை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அதன்பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம மருமவளுக்குக் கால்ல ஒரு கொப்புளம். வெளிய தெரிஞ்சா அசிங்கம் டாக்டரம்மா. அவ தங்கச்சிக்கு வேற எடம் பாத்துக்கிட்டு இருக்காக. நீங்களே பாத்துச் சரி பண்ணி விட்டுருங்க. ரெண்டாம் பேருக்குத் தெரிய வேணாம்."

உள்கட்டில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பூசிய பாதம், வெள்ளி மெட்டி, கணுக்காலுக்குக் கீழே கொப்புளம். நான் தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் வலியில் உதட்டைக் கடித்தபோது, "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்றேன். புழுவின் நுனியைத் தீக்குச்சியில் சுற்றினேன். தொடர்ந்து பல நாள் வந்து சுற்றினேன். எனக்கு அருவருப்பே வரவில்லை. இவ்வளவு பரிவுள்ள மருத்துவராக நான் ஆகிவிட்டேனே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்!

அதே வாரம் சேரிக்குப் போனேன்.

இனிச் சொல்லப் போவதைச் சொல்வதற்கு நாக்கு கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன். ஜீப்பைவிட்டு இறங்கும்போதே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆணும் பெண்ணுமாக அவர்களை வரிசையில் நிற்கவைத்து, காலைத் தூக்கிக் காட்டச் சொல்லி, எட்ட நின்று பார்த்தேன். சிலருக்குப் புழு இருந்தது. அதே புழு! அதே வெள்ளை நூல்! மருமகளின் காலில் பார்த்தபோது வராத குமட்டல் இங்கே தொண்டைவரை வந்தது. ஒருவர் காலைக்கூட நான் தொடவில்லை. கூட வந்த சுகாதார ஆய்வாளரைத் தொடச் சொல்லிவிட்டு, ஒன்றையும் தொடாத என் கைகளை அவர்கள் எல்லோரும் பார்க்க லைசால் என்ற கிருமிநாசினியை ஊற்றிக் கழுவினேன்.

எதைக் கழுவினேன்? யாராவது கேட்டிருந்தால் 'சுகாதார வழக்கம்' என்று சொல்லியிருப்பேன். கேவலம்... அந்தக் கைகளை இப்போது பார்த்தாலும் எனக்குக் குமட்டுகிறது.

நான் கழுவி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள் பஞ்சவர்ணம். இடுப்பில் அவள் மகள் ராக்கு, மூன்று வயதுக் குழந்தை, விரலைச் சூப்பிக்கொண்டு என் ஸ்டெதாஸ்கோப்பையே பார்த்தது.

"எங்க கால மட்டும் பாக்குறீகளே டாக்டரம்மா, தெக்குப் படியில எறங்குறவுக கால யாரு பாப்பா?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

"அங்கே யாருக்கும் நோய் இல்லை" என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன்! அன்று காலையில்தான் அம்பலகாரர் வீட்டு உள்கட்டில் உட்கார்ந்து புழுவைச் சுற்றிவிட்டு வந்திருந்தேன். என் புடவையில் அந்த வீட்டு மஞ்சள்கூட ஒட்டியிருந்திருக்கும்.

நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமையல்லவா என்று பிற்காலத்தில் எனக்கு நானே எத்தனையோ முறை சப்பைக்கட்டுக் கட்டியிருக்கிறேன். ஏமாந்துவிடாதீர்கள். 'ஊரிலும் சிலருக்கு இருக்கிறது' என்று பெயர் சொல்லாமல் சொல்லியிருக்கலாமே! ஒரு வீட்டின் மானத்தைக் காப்பதாக நினைத்து ஒரு தெருவையே நோய்த்தெருவாக்கினேன்.

கோடை நெருங்கியது. ஊருணித் தண்ணீர் கீழே இறங்கத் தொடங்கியதும் அம்பலகாரர் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார். எனக்கு மட்டும் நாற்காலி. நோய் எப்படிப் பரவுகிறது என்று விளக்கினேன். துணியில் வடிகட்டிக் குடிப்பதைச் செய்துகாட்டினேன். தெற்குத் தெருப் பெண்கள் ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டார்கள். சேரியிலிருந்து யாரும் அங்கே இல்லை. அவர்கள் கோயில் மண்டபத்துக்குள் வர முடியாது என்பதும், ஆகவே வடிகட்டும் வித்தை அவர்களுக்குப் போய்ச் சேராது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

பேச்சு முடிந்ததும் அம்பலகாரர் என்னருகே வந்து, மெதுவாக, ஆனால் பச்சையாகச் சொன்னார்.

"வடக்குப் படிய மூடணும் டாக்டரம்மா. நாங்க சொன்னா தீண்டாமைன்னு கேசு போட்டுருவாக. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அது வைத்தியம்."

கேட்டீர்களா? அந்த மனிதர் எதையும் பூசி மெழுகவில்லை. என்னை எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்பதை என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எழுந்து ஜீப்பில் ஏறியிருக்க வேண்டும். நானோ யோசிப்பதுபோலக் கொஞ்சநேரம் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கால்களின் நினைவு வந்தது. குமட்டல் வந்தது. அந்தக் கால்கள் நனையும் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது என்றுதான், சத்தியமாக, அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது. மருத்துவம் சொன்னதாக நான் பேசினேன். பேசியது என் கொல்லைப்புறம்.

"ஒரு வருஷத்துக்கு மூடிவையுங்கள். பிறகு நான் வந்து பார்த்து, புது நோயாளி இல்லை என்று சொன்னால் திறந்துகொள்ளலாம்" என்றேன்.

அன்று சாயங்காலமே வடக்குப் படியின் வாயில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். 'நோய்த் தடுப்பு. இவ்வழி இறங்கக் கூடாது. சுகாதாரத் துறை' என்று ஒரு பலகையும் எழுதி நட்டார்கள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நானே படித்துப் பார்த்துச் சரி சொன்னேன்.

சேரிக்காரர்கள் தாசில்தாரிடம் போனார்கள். அவர் என்னைக் கேட்டார். மருத்துவக் காரணம் என்றேன். அதற்குமேல் அவர் கேட்க என்ன இருக்கிறது?

அவர்கள் கண்மாய்க்குப் போகத் தொடங்கினார்கள். கண்மாய், வயலுக்குப் பாயும் ஏரி. எருமை கிடக்கும், துணி துவைப்பார்கள், கரையோரம் காலைக்கடன் கழிப்பார்கள். சித்திரையில் வற்றிப்போய் நடுவில் மட்டும் கலங்கலாகக் கொஞ்சம் தேங்கிக் கிடந்தது. அதைத்தான் குடித்தார்கள். முள்வேலிக்கு அந்தப் பக்கம் ஊருணி, தெளிந்த தண்ணீரோடு, அவர்கள் கண்ணெதிரில் கிடந்தது.

வாந்திபேதி வந்தது.

தகவல் கிடைத்ததும் தடுப்பூசியும் பிளீச்சிங் பவுடரும் ஏற்றிக்கொண்டு ஓடினேன். அந்த ஓட்டத்தைக் கடமையுணர்ச்சி என்று நினைக்காதீர்கள், அது பயம். போய்ச் சேர்ந்தபோது பலர் பிழைத்துக்கொள்ளும் நிலையில் இருந்தார்கள். ராக்கு இல்லை. நான் போவதற்கு முன்பே புதைத்துவிட்டிருந்தார்கள்.

கண்மாய்த் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்தேன். சோதனையே தேவையில்லை. பார்த்தாலே தெரிந்தது, முகர்ந்தாலே தெரிந்தது. ஆனால் மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்து காரணம் கேட்டபோது என்ன சொன்னேன் தெரியுமா? "பக்கத்து ஊர்த் திருவிழாவில் ஈ மொய்த்த பலகாரம் வாங்கித் தின்றிருக்கிறார்கள்" என்றேன். கண்மாய் என்று சொன்னால், ஊருணி இருக்க ஏன் கண்மாய்க்குப் போனார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி வரக் கூடாது என்பதற்காக, செத்த குழந்தையின் வாயில் தின்னாத பலகாரத்தைத் திணித்தேன்!

நான் சொன்னது காதில் விழும் தூரத்தில்தான் தடுப்பூசிக்கு வரிசை நின்றது. பஞ்சவர்ணத்தின் முறை வந்தது. அழுவாள், கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கையை நீட்டினாள். ஊசி இறங்கியதும் சொன்னாள்:

"ராக்கு கம்மாத் தண்ணிதான் குடிச்சா டாக்டரம்மா. பலகாரமெல்லாம் எங்க வீட்டுல ஏது?"

அதிகாரிகள் சற்றுத் தள்ளித்தான் நின்றார்கள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அடுத்த ஆள் வரட்டும், நகரு" என்றேன். அப்படித்தான் சொன்னேன்... 'நகரு' என்று. குழந்தையைப் புதைத்த ஈரம் காயாதவளிடம் நான் சொன்ன ஒரே சொல் அதுதான்.

இதற்குப் பிறகு எனக்குத் தண்டனை வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? பதவி உயர்வு வந்தது!

அடுத்த கோடையில் அந்த ஊரில் நரம்புச் சிலந்தி அறவே இல்லை. தெற்குத் தெரு வீடு தவறாமல் துணியில் வடிகட்டிக் குடித்ததாலும், வாந்திபேதிக்குப் பிறகு ஆய்வாளர் சொல்லிக்கொடுத்துச் சேரியும் வடிகட்டியதாலும் இல்லாமல் போயிற்று. மற்ற ஊர்களில் படித்துறை எதையும் மூடவில்லை. வடிகட்டிக் குடிக்கச் சொன்னோம், அங்கும் நோய் குறைந்தது. ஆக, வடக்குப் படியை மூடியதற்கும் நோய் போனதற்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்கு அப்போதே தெளிவாகிவிட்டது. ஆனால் துணியில் வடிகட்டிய கதையை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? ஒரு கிராமமே கூடி முடிவெடுத்து ஒரு படித்துறையை மூடிய கதை கேட்க நன்றாக இருந்தது. நான் அந்தக் கதையைச் சொன்னேன். கூட்டங்களில் கை தட்டினார்கள். மேற்படிப்புக்கு அனுப்பினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் கற்பிக்கும் வேலை கிடைத்தது.

நன்றாகப் பாடம் நடத்துவேன். மாணவர்கள் என்னை விரும்பினார்கள். 'மக்கள் ஒத்துழைப்பு' என்ற பாடம் வரும்போது கரும்பலகையில் அந்த ஊருணியை வரைவேன், தெற்கே ஒரு கோடு, வடக்கே ஒரு கோடு. "மக்கள் தாங்களாகவே முன்வந்து இந்தப் படித்துறையை மூடினார்கள்" என்பேன். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "எந்த மக்கள், மேடம்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "கேள்வி கேட்பதற்கு முன் பாடத்தைக் கவனி" என்று அவளை உட்காரவைத்துவிட்டு, கையிலிருந்த சுண்ணாம்புத் துகளைத் தட்டிக்கொண்டேன்.

நீங்கள் கேட்கலாம்... ஒரு வருஷம் என்றுதானே சொன்னாய், வருஷம் முடிந்ததும் என்ன செய்தாய் என்று.

ஒன்றும் செய்யவில்லை. ஜீப்பில் ஒருநாள் போய், 'திறங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யார் மூலமாவது சொல்லி அனுப்பியிருந்தாலும் போதும். முதலில், போனால் பஞ்சவர்ணத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று பயந்து தள்ளிப்போட்டேன். பிறகு மாற்றல் வந்தது. பிறகு... மறந்துவிட்டேன். ஆமாம், மறந்துவிட்டேன்! கரும்பலகையில் வருஷா வருஷம் அந்தப் படியை வரைந்துகொண்டே, அது நிஜத்தில் மூடிக் கிடக்கிறது என்பதை மறந்துவிட்டேன். வடக்குக் கோடு எனக்கு வெறும் சுண்ணாம்புக் கோடாகிவிட்டது.

எழுபதுகள் முடியும் தறுவாயில், மாணவர்கள் அந்த ஊரை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக வேனில் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்பலகாரர் காலமாகியிருந்தார். அவர் மகன், அந்த மருமகளின் கணவர், கரையில் நின்று எங்களை வரவேற்றார். நான் வடக்கே பார்த்தேன். முள் இருந்த இடத்தில் இப்போது கல் நட்டுக் கம்பி வேலி போட்டிருந்தது. பலகை புதிதாக மின்னியது.

"பொங்கலுக்குக் கோயிலுக்கு வெள்ளையடிக்கிறப்ப இதுக்கும் ஒரு கை பெயிண்ட் அடிச்சுருவோம். நீங்க வச்ச போர்டாச்சே, விட்டுருவமா?" என்று சிரித்தார் மகன்.

வடக்குக் கரைமேல் குடங்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால், தள்ளி, சேரிப் பெண்கள் நின்றார்கள். தெற்குத் தெருப் பெண் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து, தொடாமல், உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

போலீஸ் வைத்து ஒழித்த வழக்கம்! சட்டம் போட்டு ஒழித்த வழக்கம்! அதை நான் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அதற்கு அரசாங்கப் பலகை வேறு!

"அவர்கள் ஏன் இறங்காமல் நிற்கிறார்கள்?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

"அது நோய்க் கட்டுப்பாடு தம்பி. ஒங்க மேடம் போட்ட சட்டம்" என்றார் மகன். மாணவன் என்னை மரியாதையோடு பார்த்தான். வாந்தி எடுத்துவிடுவேன் போலிருந்தது. இம்முறை யார் காலையும் பார்த்து அல்ல.

பெண்களிடையிலிருந்து ஒருத்தி பிரிந்து வந்தாள். நரைத்திருந்தாள். என் வயதுக்காரி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பஞ்சவர்ணம். மாணவர் கூட்டத்துக்கு எட்டியே நின்றுகொண்டாள்.

"டாக்டரம்மா, ஒரு வருசம்னு சொல்லிட்டுப் போனீக. முடிஞ்சிருச்சா?"

குத்தலாகக் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா... இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'முடிந்துவிட்டது. எப்போதோ முடிந்துவிட்டது. வேலியைப் பிடுங்குங்கள்' என்று சொல்ல வேண்டியதுதானே? எனக்கு ஒரு நஷ்டமும் இல்லையே! ஆனால் சொன்னால் மாணவர்கள் கேட்பார்கள், ஏன் இத்தனை வருஷம், ஏன் வடக்கு மட்டும், ஏன் இதைச் சாதனை என்றீர்கள் என்று. நான் கற்ற வித்தை கைகொடுத்தது.

"அப்படிச் சட்டென்று சொல்லிவிட முடியாது. பரிசோதித்துப் பார்க்க வேண்டும்" என்றேன்.

அவள் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினாள். வலது காலைக் கரைச் சுவரில் வைத்தாள்.

"பாத்துக்கங்க" என்றாள்.

பார்த்தேன். வெடிப்பு இருந்தது. வயல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. கொப்புளமோ தழும்போ எதுவும் இல்லை. அந்தக் காலில் புழு ஒருநாளும் வந்ததே இல்லை. சேரியில் முதல்முறை எட்ட நின்று பார்த்தபோதே இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்... தெரிந்துதான் இருந்தது.

மாணவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மகன் இடுப்பில் கையூன்றி நின்றார்.

"சரி, ஊருக்குப் போய் அறிக்கை அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தேன். எந்த அறிக்கையையும் நான் அனுப்பவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து அந்தப் பாடத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை நடத்தினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டு, ஏழை எளியவர்களின் ஆரோக்கியத்துக்காக உழைத்தவர் என்று பேசினார்கள். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று வேன் திரும்பும்போது கண்ணாடி வழியே பார்த்தேன். அவள் சுவரிலிருந்து காலை இன்னும் எடுக்கவில்லை. காலைப் பார்த்த நான் இன்னும் பதில் சொல்லவில்லையே என்று நின்றிருந்தாள்.

அந்தக் காலில் நோய் இல்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு ஆயுள் தேவைப்பட்டிருக்கிறது. இப்போதும் உங்களிடம்தான் சொல்கிறேன். அவளிடம் சொல்லவில்லை.